லேப்டாப் எடை குறைஞ்சது... பை எடை ஏறிடுச்சு!

மறைமலைநகரில் ஒரு மளிகைக் கடை. போன நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை 7 மணி. பால் பாக்கெட் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே 44 வயதுப் பெண் ஒருவர் தோள் பையைக் கழற்றி எடை மெஷின் மீது வைத்தார்.

"அண்ணாச்சி, இது எவ்வளவு இருக்குன்னு பாருங்களேன்."

"5 கிலோ 300. என்னம்மா, அரிசியா?"

"இல்ல அண்ணாச்சி, ஆபீஸ்!"

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. சின்னக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். மொத்தம் 14 வாடிக்கையாளர்கள். தனியாக ஆபீஸ் கிடையாது. காலையில் புறநகர் ரயில் ஏறினால் மாம்பலம், சில நாள் எழும்பூர், சில நாள் பீச் வரைக்கும்கூடப் போக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

அந்த 5 கிலோ 300 கிராமில் சரிபாதி லேப்டாப்பும் அதன் சார்ஜரும். 2017-ல் வாங்கிய 15.6 இன்ச் மெஷின், 2 கிலோ 200. செங்கல் மாதிரி ஒரு சார்ஜரும் வயரும் சேர்ந்து 450 கிராம். மீதி, ஒரு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஃபைல்கள், குடை. ஒன்பது வருஷமாக வலது தோளில் மாட்டியே பழக்கம். கழுத்தைத் திருப்ப முடியாமல் போனபோது பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார். "எக்சர்சைஸ் சொல்லித் தர்றேன் மேடம். ஆனா பையைக் குறைக்காம நான் என்ன செஞ்சாலும் மறுபடி வருவீங்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

இன்னொரு பக்கம், பழைய மெஷினில் ஓடிய விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இலவச ஆதரவை நிறுத்தியிருந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் பிராசஸர் குறைந்தது 8-வது தலைமுறையாக இருக்க வேண்டும். அவருடையது 7. ஒரே ஒரு படி குறைவு!

கையில் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருந்தது. மழைக்கு ஒழுகும் மாடிக்குத் தட்டோடு போடத்தான் அந்தச் சீட்டே கட்டினார். கல்லூரியில் படிக்கும் மகன்தான் பேசிப் பேசி மனசை மாத்தினான். "மாடி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. கழுத்து போச்சுன்னா வேற வாங்க முடியுமா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஒழுகும் மாடிக்கு ஒரு வருஷம் வாய்தா.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. 13 இன்ச் மேக்புக் ஏர், எம்4 சிப், 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். 2025 மார்ச்சில் இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்த மாடல். வங்கி கார்டு தள்ளுபடி எல்லாம் போக 90,000-ஐ ஒட்டி முடிந்தது. எடை 1 கிலோ 240 கிராம். அதாவது, அவருடைய பையில் இருந்த நிரம்பிய தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு.

கடையில், "பழசைக் குடுத்தா 5,500 ரூபாய் குறைச்சுக்கறோம் மேடம்" என்றார்கள். மகன் "குடுத்துடும்மா" என்றான். "இருக்கட்டும்டா, பொறவு பாக்கலாம்" என்று அவர் சொன்னதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பழைய சாமானைத் தூக்கிக் கொடுக்க மனசு வராத குணம்தான். அந்தக் குணம்தான் அந்த வாரம் அவரைக் காப்பாற்றியது.

லேசான எடைக்கு ஏன் கனமான விலை?

கதைக்குத் திரும்பும் முன் இதைப் பார்த்துவிடலாம். ஏனென்றால், 45,000 ரூபாய்க்கே வேகமான லேப்டாப் கிடைக்கும்போது இரண்டு மடங்கு கொடுப்பது எதற்கு என்பது நியாயமான கேள்வி.

2008 ஜனவரி 15, சான் ஃபிரான்சிஸ்கோ. ஆபீஸில் கடிதம் போடுகிற பழுப்புக் கவருக்குள் கையை விட்டு ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு லேப்டாப்பை வெளியே எடுத்தார். அதுதான் முதல் மேக்புக் ஏர். எடை 1 கிலோ 360 கிராம், விலை 1,799 டாலர். அரங்கம் கைதட்டியது. ஆனால், அந்த எடைக்கு வர எதையெல்லாம் கழற்றினார்கள் என்பதுதான் சுவாரசியம். சிடி டிரைவ் இல்லை. யுஎஸ்பி ஓட்டை ஒன்றே ஒன்று. பேட்டரியை நாமே கழற்றி மாட்ட முடியாது. ரேம் 2 ஜிபி, அதுவும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. இன்றைக்கு எல்லா கம்பெனிகளின் லேசான லேப்டாப்களும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகின்றன. எடையைக் குறைப்பது என்றால், எதையாவது எடுப்பது.

உடம்புக்கு பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அலுமினியம், மெக்னீசியம் கலவை, கார்பன் ஃபைபர். எல்ஜி கிராம் வரிசை மெக்னீசியம் வழியாகவும், லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் பேரில் சொன்னபடி கார்பன் ஃபைபர் வழியாகவும் ஒரு கிலோவைத் தொட்டன. விலை ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

பெரிய காரணம் சூடு. வேகமான சிப் சூடாகும். சூட்டை இறக்க ஃபேன், செம்புக் குழாய், காற்றுப் போக இடம் எல்லாம் வேண்டும். அதனால் உடம்பு தடிமனாகும், மின்சாரம் அதிகம் குடிக்கும், பெரிய பேட்டரி வேண்டும், பெரிய சார்ஜர் வேண்டும். சங்கிலி மாதிரி ஒன்றுக்கொன்று எடை கூடிக்கொண்டே போகும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் கிடைத்துவிட்டால் இந்தச் சங்கிலி அப்படியே தலைகீழாகும். 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் செய்தது அதைத்தான். ஃபேனே இல்லை. எம்4 மாடலில் இருப்பது 53.8 வாட் ஹவர் பேட்டரிதான். அதிலேயே 15 மணி நேரம் இணையத்தில் வேலை பார்க்கலாம் என்கிறது ஆப்பிள். நம் வேலையில் அதற்கும் குறைவாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பகல் பொழுது சார்ஜர் இல்லாமல் ஓடிவிடும்.

சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடிவதுதான் எடைக் குறைப்பின் இரண்டாம் பாதி. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஃபேன் இல்லாததற்கு விலையும் உண்டு. நீளமான வீடியோவை எடிட் செய்து ஏற்றுமதி செய்தால், சிறிது நேரத்தில் சூட்டைத் தாங்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணக்கு, கடிதம், இணையம் என்று இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் வரவே வராது.

திங்கள் காலை, மாம்பலம்

திங்கட்கிழமை புதிய மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாடிக்கையாளர்களின் ஃபைல்கள், இமெயில் எல்லாவற்றையும் ஞாயிறு இரவே மகன் மாற்றிக் கொடுத்துவிட்டான். ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் வைத்துத் திறந்தால் அடுத்த நொடி தயார். முன்பெல்லாம் பொத்தேரியில் ஆன் செய்தால் வண்டலூரில்தான் திரை வரும் என்பார். தாம்பரம் வருவதற்குள் இரண்டு நோட்டீஸைப் படித்து முடித்துவிட்டார். தோள் வலிக்கவில்லை. மாம்பலத்தில் இறங்கும்போது பை தோளில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

பாத்திரக் கடையில் போய் உட்கார்ந்து டாலியை இன்ஸ்டால் செய்யப் பார்த்தார். ஃபைல் இறங்கியது. திறக்கவில்லை. மகனுக்கு போன்.

"எல்லாம் ஓடும்னு சொன்னியேடா?"

"ஓடும்மா... டாலி என்னம்மா, அது விண்டோஸ் சாஃப்ட்வேரா?"

டாலி பிரைம் விண்டோஸில் ஓடும் மென்பொருள். மேக்கில் நேரடியாக இன்ஸ்டால் ஆகாது. இது ஒளித்துவைத்த ரகசியம் இல்லை. 20 வருஷமாக தினமும் டாலி திறப்பவர், அது எதன் மேல் ஓடுகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மகனுக்கு லேப்டாப் தெரியும், அம்மாவின் வேலை தெரியாது. அம்மாவுக்கு வேலை தெரியும். கடைக்காரருக்கு விற்பனை தெரியும். மூன்று பேரும் ஒரே மேஜை முன்னால் நின்று பேசியும் இந்த ஒரு கேள்வி யாருக்கும் வரவில்லை.

தேதியைக் கவனியுங்கள். நவம்பர் 17. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டிய கடைசி நாள் 20. ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் அபராதம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. ஒரு வாடிக்கையாளருக்கு அது சின்னத் தொகைதான். ஆனால், "மேடம் லேட் பண்ணிட்டாங்க" என்ற பேச்சு சின்னது இல்லை. அந்தத் தெருவில் ஒரு கடையில் சொன்னால் ஆறு கடைக்குப் போய்விடும். அவருக்கு வேலை வந்ததே அப்படி வாய்ச்சொல்லில்தான்.

செவ்வாய் காலை பையில் இரண்டு லேப்டாப். கணக்கு பழையதில், ஃபைல்களும் மெயிலும் புதியதில். மளிகைக் கடை அண்ணாச்சி, "இன்னிக்கும் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டுத் தானே பையை வாங்கி வைத்துப் பார்த்தார். 6 கிலோ 700.

எடை குறைப்பதற்காக 90,000 ரூபாய் செலவழித்து, 1 கிலோ 400 கூடியிருந்தது!

வேறு சில சங்கடங்களும் வரிசையாக வந்தன. தனிநபர் கடைகளுக்கு மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். அதனால் ஜிஎஸ்டி தளம் புதிய மெஷினில் சிக்கல் இல்லாமல் திறந்தது. ஆனால், அவருடைய வாடிக்கையாளர்களில் இரண்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். கம்பெனி என்றால் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். அந்தக் கையொப்பம் ஒரு பென் டிரைவ் மாதிரியான டோக்கனில் இருக்கும். பழைய அகலமான யுஎஸ்பி முனை. புதிய லேப்டாப்பில் இருப்பதெல்லாம் சின்ன டைப்-சி ஓட்டை. நுழையவே இல்லை.

பிறகு எண் பலகை. 15.6 இன்ச் கீபோர்டில் வலது பக்கம் தனியாக எண்கள் இருக்கும். கணக்கு எழுதுபவர்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் இடம். 13 இன்ச்சில் அதற்கு இடமே கிடையாது. மேல் வரிசையில் எண்களைத் தேடித் தேடி அடித்ததில், 200 வவுச்சருக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கானது. நாளெல்லாம் எண்களோடு வாழ்பவர்களுக்கு லேசான லேப்டாப்பின் மிகப்பெரிய குறை இதுதான்.

20-ம் தேதி இரவு 10.40-க்குக் கடைசி வாடிக்கையாளரின் 3பி போனது. பழைய மெஷினில் இருந்து. அன்றைக்கு அதை 5,500 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால்? டாலி லைசென்ஸை வேறு மெஷினுக்கு மாற்ற, முதலில் பழைய மெஷினில் சரண்டர் செய்ய வேண்டும். அதைக்கூட செய்யாமல் கொடுத்திருப்பார். "நெனச்சுப் பாத்தா இப்பவும் வயித்தைக் கலக்குது" என்கிறார்.

பையைத் திறந்து எழுதுங்கள்

அவர் நவம்பர் 21-ம் தேதி செய்ததை 15-ம் தேதியே செய்திருக்கலாம். ஒரு நோட்டில், ஒரு வாரத்தில் லேப்டாப்பில் தொடுகிற எல்லாவற்றையும் எழுதினார். என்ன மென்பொருள், எந்தத் தளம், எதைச் சொருகுகிறோம், எந்த பிரின்டர், எந்த எழுத்துரு. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. ஆனால், அந்த ஒரு பக்கத்தில் இரண்டே வரிகள்தான் அவரை மூன்று நாள் அலைய விட்டவை.

லேசான லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடைக்கு எடுத்துப் போக வேண்டியது இந்தத் தாளைத்தான். 'பிராசஸர் எது, ஸ்பீடு எவ்வளவு' என்ற கேள்விகளுக்கு விற்பவரிடம் எப்போதும் நல்ல பதில் இருக்கும். 'என் கையொப்ப டோக்கனைச் சொருகி இப்போ காட்டுங்க' என்றால்தான் உண்மை தெரியும். பிரித்த பெட்டியைக் கடைகள் பெரும்பாலும் திரும்ப வாங்குவதில்லை என்பதால், கேட்பதற்கான நேரம் பணம் கட்டும் முன்புதான்.

இது மேக்குக்கு மட்டும் வரும் பிரச்னை என்று நினைத்துவிடக் கூடாது. 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் கடைகளில் இருக்கின்றன. லேசானவை, பேட்டரியும் நன்றாக நிற்கும், திரையில் பார்த்தால் அதே விண்டோஸ்தான். ஆனால், உள்ளே இருப்பது வேறு வகை சிப். பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்பு போல ஒரு வசதி வழியாக ஓடிவிடும். டிரைவர்கள் அப்படி ஓடாது. பழைய பிரின்டர், கைரேகைக் கருவி, கையொப்ப டோக்கன் இவற்றுக்கு அந்த சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தால்தான் உண்டு. அரசு சேவை மையம், ஆவண எழுத்தர் அலுவலகம், கணக்கு அலுவலகம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் வேலைக்கு மேக்கைவிட, இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு 1 கிலோ முதல் 1 கிலோ 300-க்குள் வரும் விண்டோஸ் மெஷின் ஒன்றே நேரடியான பதில். அவருக்கும் இது இப்போது தெரியும். மகனிடம் சொல்லிக்காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

மென்பொருளில் இன்னொரு நுணுக்கம். எக்ஸெல் மேக்கில் உண்டு. ஆனால், விண்டோஸ் எக்ஸெலில் இருக்கும் எல்லாமும் அதில் இல்லை. உதாரணத்துக்கு, பெரிய பெரிய பட்டியல்களை இணைத்துப் பார்க்கும் பவர் பிவட் மேக் பதிப்பில் கிடையாது. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு வாங்குபவர்கள், சாலிட்ஒர்க்ஸ் மேக்கில் ஓடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மாறாக ஒரு நல்ல செய்தி. மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் தனியாக எதையும் இறக்காமல் உள்ளேயே இருக்கின்றன. அதில் வரும் தமிழ் எழுத்துருக்களில் இணைமதி உள்ளிட்டவை மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியவை. பழைய பாமினியில் அடித்த ஃபைல்கள் இருந்தால் மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும்.

பிறகு சேர்க்க முடியாதது

பழைய லேப்டாப் மந்தமானால் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு ரேம் வாங்கிச் சொருகி வருவது நமக்குப் பழக்கம். லேசான லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் அது நடக்காது. ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் சிப்போடு ஒரே வில்லையாகவே வரும். மேக்புக் ஏரில் ஸ்டோரேஜும் அப்படித்தான். வாங்கும் நாளில் எடுத்த முடிவு, அந்த மெஷின் இருக்கும்வரை மாறாது.

ஆகவே, நிறத்துக்கும் கலருக்கும் யோசிக்கிற நேரத்தில் பாதியை ரேமுக்குக் கொடுக்கலாம். இன்றைக்குப் புதிதாக வாங்குபவர்களுக்கு 16 ஜிபி என்பது ஆடம்பரம் இல்லை, ஆரம்பம். ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் ஏர் மாடல்களின் தொடக்க அளவை 8-லிருந்து 16-க்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய 8 ஜிபி மாடல்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. பாடம் படிக்க, மெயில் பார்க்க, கடிதம் அடிக்கப் போதும். மேக்குக்குள்ளேயே விண்டோஸையும் ஓட்ட ஆசைப்பட்டால் அந்த 8 ஜிபி மூச்சு வாங்கும்.

ரிப்பேரும் அப்படித்தான். எல்லாம் ஒரே போர்டில் இருப்பதால், ஒன்று போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். காபியோ தண்ணீரோ கொட்டினால் சாதாரண வாரன்டியில் சேராது. பையில் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைக்கும் பழக்கத்தை அவர் முதல் வாரத்திலேயே விட்டார். இப்போது பாட்டில் தனியாக ஒரு துணிப்பையில்.

பணம் விஷயத்தில் இரண்டு வார்த்தை. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தம் இல்லை. வட்டிக்குச் சமமான தொகையை முன்னாலேயே தள்ளுபடியாகக் குறைத்துக் காட்டுவார்கள். அந்த வட்டி மீது 18 சதவிகித ஜிஎஸ்டியும், பல சமயம் பிராசசிங் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் வரும். மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தொழிலுக்கு வாங்கினால், பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்ல மறக்கக் கூடாது. லேப்டாப் விலையில் இருக்கும் 18 சதவிகித வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். 14 பேருக்கு இதைச் சொல்லித் தரும் இவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்பதால் அவர் பதிவே செய்யவில்லை!

4 கிலோ 200

டிசம்பரில் ஏற்பாடு வேறாகிவிட்டது.

பழைய லேப்டாப் வீட்டு மேஜையில், இன்வெர்ட்டர் லைனில் சொருகியபடியே இருக்கிறது. இனி அது மேஜைக் கம்ப்யூட்டர்தான். மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டான் மகன். 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் தொலைவிலிருந்து இயக்கும் வசதி உள்ளேயே வராது என்பதால், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டிருக்கிறார்கள். அது இலவசம். மாம்பலத்தில் கடையின் வைஃபையில் புதிய லேப்டாப்பைத் திறந்தால், மறைமலைநகர் மேஜையில் இருக்கும் டாலி திரையில் வருகிறது.

முதல் நாள் பழக்கதோஷத்தில் விற்பனை வவுச்சருக்காக எஃப்8 அழுத்தினார். கடையில் திடீரென்று பாட்டு ஓடியது. மேக் கீபோர்டில் எஃப்8 என்பது பாட்டு ஓட்டும் பட்டன். செட்டிங்ஸில் ஒரு இடத்தில் மாற்றினால் எஃப் வரிசை சாதாரணமாக வேலை செய்யும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாத்திரக் கடைக்காரர் இரண்டு பாட்டு கேட்டுவிட்டார்.

ரயிலில் இது சரிப்படாது. நெட் விட்டு விட்டு வரும், ஒவ்வொரு எழுத்தும் தயங்கித் தயங்கித்தான் விழும். அதனால் ரயிலில் நோட்டீஸ் படிப்பது, பதில் எழுதுவது, எக்ஸெல். டாலி, கடைக்குப் போன பிறகு. வீட்டில் நெட் போன ஒரு நாள் முழுசாக வேலை நின்றது. டாலியை பிரவுசர் வழியாகவே தரும் கிளவுட் சேவையும் இருக்கிறது, மாதாமாதம் கட்டணம். மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குத் தனியாகப் பணம், அதிலும் டோக்கன் டிரைவர் சந்தேகம் தீராது. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்திருக்கிறார். இரண்டு கம்பெனிகளின் கையொப்ப வேலையை மட்டும் வீட்டில், பழைய மெஷினில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முடிக்கிறார்.

பையில் இப்போது லேப்டாப், உள்ளங்கை அளவு சார்ஜர், டைப்-சி கன்வெர்ட்டர், தனியாக வாங்கிய எண் பலகை. தண்ணீர், சாப்பாடு, ஃபைல் எல்லாம் பழையபடி. டிசம்பர் 20-க்கு இரண்டு நாள் முன்பே 14 பேருடைய 3பியும் போய்விட்டது. அடுத்த நாள் காலை அண்ணாச்சியிடம் பையை நீட்டினார்.

"4 கிலோ 200. பரவாயில்லயே!"

கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. பிசியோதெரபிஸ்ட், தண்ணீர் பாட்டிலையும் பாதி நிரப்பி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் பாத்திரக் கடைக்காரருக்கும் ஆசை வந்தது. "மேடம், நானும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?"

"பில் எதுல போடறீங்க?"

"அதான் அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல. பிரின்டரும் அப்ப வாங்குனதுதான்."

"ஒரு பேப்பர் எடுங்க" என்று பேனாவைத் திறந்தாராம்.

மாடி இந்த மழைக்கும் ஒழுகியது. அக்டோபரில் பழைய மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் நிற்கும். புதிதாக ஒரு சீட்டு சேர்ந்திருக்கிறார். எது முதலில் என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.